நாடு கலங்கும் நாளில் இல்லறத்தார்

ஆட்சி நிலைகுலையும் காலத்தும், எல்லைகள் மாறும் காலத்தும், கலகச் செய்திகள் நாள்தோறும் செவியில் வந்து விழும் காலத்தும் இல்லறத்தில் நிற்கும் ஒருவன் எவ்வாறு இருத்தல் வேண்டும்? இவ்வினாவை உறவினர் இல்லத் திருமணம் ஒன்றில் இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே அருகிலிருந்த பெரியவர், “எல்லாம் வினைப்பயன், பஞ்ச நமஸ்காரத்தைச் சொல்லிக்கொண்டு பேசாமல் இரு” என்றார். மற்றொருவர் அதை மறுத்து, “எந்நேரமும் செய்தி கேள், விழித்திரு, ஏமாந்தவனுக்கு உலகம் இல்லை” என்றார். இளைஞர் இருவருக்கும் தலையசைத்துவிட்டு, முன்னிருந்ததைவிட மிகுந்த கலக்கத்துடன் பந்திக்கு எழுந்து சென்றார்.

இவ்விரு விடைகளும் பொருந்தா என்பது என் கருத்து. அதனை நூல்களிலிருந்து தொடங்கிச் சொல்வதைவிட, நான் வளர்ந்த திருத்தணியிலிருந்து தொடங்கிச் சொல்வது எனக்கு எளிது.

எங்கள் முன்னோர் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரினர். என் தந்தையார் பிழைப்பின் பொருட்டுத் திருத்தணிக்கு வந்து ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதி வந்தார். அக்காலத்தில் திருத்தணி சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சித்தூர் மாவட்டமோ சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே எந்த ஊர் எந்த மொழியினர்க்கு உரியது என்று எவரும் கேட்கவில்லை. மலைமேல் முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்து வருவோரில் தமிழ் பேசுவோரும் இருந்தனர்; தெலுங்கு பேசுவோரும் இருந்தனர். முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் அவர்கள் ஒருவர் தோளை ஒருவர் உரசிக்கொண்டே ஏறினர்.

1952-ஆம் ஆண்டு இந்நிலை மாறிற்று. தனி ஆந்திர மாநிலம் வேண்டிப் பொட்டி ஸ்ரீராமுலு அவர்கள் சென்னையில் உண்ணாநோன்பு இருந்து அவ்வாண்டு டிசம்பர் 15-ஆம் நாள் உயிர் நீத்தார். ஆந்திரப் பகுதிகளில் கலவரம் மூண்டது. டிசம்பர் 19-ஆம் நாள் பிரதமர் நேரு அவர்கள் தனி மாநிலம் அமையும் என்று அறிவித்தார். சென்னை நகரம் யாருக்கு என்னும் வழக்கு ஒருபுறம் எழுந்தது. சித்தூர் மாவட்டத்துத் தமிழ்ப் பகுதிகள் யாருக்கு என்னும் வழக்கு மற்றொருபுறம் எழுந்தது. ம. பொ. சிவஞானம் அவர்கள் தம் தமிழரசுக் கழகத்தாருடன் வடக்கெல்லைப் போராட்டத்தைத் தொடங்கினார். எங்கள் வட்டாரத்தில் தமிழாசிரியர் மங்கலங்கிழாரும் வழக்கறிஞர் கே. விநாயகமும் அதற்கு முன்னின்று உழைத்தனர். கூட்டங்கள், மறியல்கள், கைதுகள் என ஊர் கொதித்தது. 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து அங்கேயே போயிற்று. அது மீண்டு வர ஆறரை ஆண்டுகள் ஆயின.

அந்த ஆண்டுகளில் எங்கள் வீட்டில் நிலவிய கலக்கம் எத்தகையது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்வது கடினம். எவரும் எங்களை அடிக்கவில்லை. எங்கள் பொருளை எவரும் பறிக்கவில்லை. ஆயினும் தந்தையார் இரவில் உறங்கவில்லை. சென்னைக்கு மூட்டை அனுப்பும் மண்டிக்கு நடுவில் சோதனைச் சாவடி வந்துவிடுமோ? முதலாளி கடையை மூடிவிடுவாரோ? பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பார்கள்? ஊருக்குத் திரும்பினால் உள்ள நிலம் எத்தனை பேருக்குச் சோறு போடும்? இவற்றுள் ஒன்றுக்கேனும் அவரிடம் விடை இல்லை. விடை சொல்லக்கூடியவர்கள் தில்லியிலும் கர்நூலிலும் சென்னையிலும் இருந்தார்கள். தம் கையில் இல்லாத ஒன்றைத் தம் நெஞ்சில் இடைவிடாது சுமப்பதே இக்கலக்கத்தின் இயல்பு.

நம் ஆசாரியர்கள் இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். விரும்பாதது வந்து சேருமோ என்றும், விரும்பியது பிரிந்துவிடுமோ என்றும் ஓயாது எண்ணி எண்ணி நைவது ஆர்த்தத் தியானத்தின் வகைகளுள் வைத்து எண்ணப்படும். தியானம் என்றால் நல்லது என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். ஒருமுகப்பட்ட மனம் எதைப் பற்றி நிற்கிறதோ அதற்கேற்ப அது நல்லதாகவும் தீயதாகவும் ஆகும். கவலைப்படுகிறவனைப் போல் ஒன்றையே ஊன்றி நினைப்பவன் யார்? இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இந்த ஆர்த்தத் தியானம் விரதம் ஏற்காதவனுக்கும் உண்டு. அணுவிரதம் ஏற்ற இல்லறத்தானுக்கும் உண்டு. அயர்வுள்ள முனிவனுக்கும் ஓரளவு உண்டு என்று தத்துவார்த்த சூத்திரம் ஒளிவின்றிச் சொல்கிறது. ஆகவே கவலைப்படுகிறவனைப் பார்த்து, ‘நீ என்ன ஜைனன்?’ என்று கேட்பது அறியாமை. திருமண வீட்டுப் பெரியவர் செய்தது ஏறக்குறைய அதுவே.

ஆனால் கதை அங்கே முடிவதில்லை. ஆர்த்தத் தியானத்திற்கு அடுத்த படி ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் அதை நான் கண்டேன்.

1953-ஆம் ஆண்டின் நடுப்பகுதி. எனக்குப் பத்து வயது. விளக்கேற்றும் நேரத்தில் வந்த இரயிலிலிருந்து இறங்கிய எவரோ ஒருவர், வடக்கேயிருந்து லாரிகளில் ஆட்கள் வருகிறார்கள் என்றும், தமிழர் கடைகளுக்குத் தீ வைக்கப் போகிறார்கள் என்றும் சொன்னாராம். சொன்னவர் யார் என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. அரைமணி நேரத்தில் கடைத்தெரு அடைந்தது. நீரை வடிகட்டாமல் அருந்தாதவரும், பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கையும் உண்ணாதவருமாகிய என் தந்தையார் மண்டியிலிருந்து ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தார். என் தாயார் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இரவு ஒன்பது மணி இருக்கும். கதவு தட்டப்பட்டது. அடுத்த வீட்டுப் பெத்தம்மாவின் குரல். அவர்கள் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பத்தினர். மகனும் மருமகளும் வெளியூர் சென்றிருக்க, பேரனுடன் பெத்தம்மா தனித்திருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்புக் கண்டுவிட்டது, துணைக்கு யாரேனும் வாருங்கள் என்று தமிழும் தெலுங்குமாகக் கூவினார். தந்தையார் தாழ்ப்பாளில் கை வைத்தார், பிறகு எடுத்துவிட்டார். ‘பின்னால் யார் நிற்கிறார்களோ’ என்று தாயாரின் காதில் மெல்லச் சொன்னார். மூன்றுமுறை தட்டும் ஒலி கேட்டது. பிறகு காலடி ஓசை விலகிப் போயிற்று.

லாரி எதுவும் வரவில்லை. பெத்தம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் தனியாக நடந்து, கம்பவுண்டர் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டி மருந்து வாங்கினார். பிள்ளை பிழைத்தான், இன்றும் நலமாக இருக்கிறான். அவன் பிழைத்திராவிட்டால் இக்கட்டுரையை எழுதும் துணிவு எனக்கு வந்திராது.

விடியற்காலையில் தாயார் ஒன்றே ஒன்று சொன்னார்: “ஒரு காலத்தில் கதவைத் தட்டினவர்கள் நாம்.” செஞ்சியை ஆண்ட நாயக்கர் ஒருவரின் சினத்துக்கு அஞ்சி நம்மவர் பலர் பூணூலைக் களைந்து, நீறு பூசி, மறைந்து வாழ்ந்தனர் என்று நம் ஊர்ப்புறங்களில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள் அல்லவா? அவ்வரலாற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கதை என்பது அறிஞர்கள் ஆராய வேண்டியது. ஆனால் அதைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த குடும்பம் எங்களுடையது. யாரோ ஒருவர் அன்று கதவைத் திறந்திருக்கிறார். அதனால்தான் நாம் இருக்கிறோம் என்பது தாயாரின் கணக்கு.

தந்தையார் எழுந்து போய்ப் பெத்தம்மாவிடம் பொறுத்துக்கொள்ளும்படி வேண்டினார். நானும் உடன் நின்றேன். அந்த அம்மையார் சினந்து பேசவில்லை. “எங்களுக்கும் அதே பயந்தான் சாமி. லாரியில் வருவது உங்க ஆளுங்க என்று சொன்னாங்க. ஆனா எனக்குப் பிள்ளை மேலே பயம் அதிகம்” என்றார்.

ஒரே வதந்தி ஒரே இரவில் இரண்டு மொழிகளில் உலவியிருக்கிறது! ஆட்களின் பெயர் மட்டுமே மாறியிருக்கிறது. அச்சத்தின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆர்த்தத்திற்கு அடுத்த படி என்று மேலே சொன்னேன். அது ரௌத்திரத் தியானம். கொலை, பொய், களவு ஆகிய மூன்றையும் பற்றி எண்ணி நிற்பது ரௌத்திரம் என்பதை எவரும் ஒப்புவர். நான்காவதாக ஆசாரியர்கள் வைத்திருப்பதுதான் வியப்புக்குரியது. தன் உடைமையைக் காப்பது பற்றியே ஓயாது எண்ணுவதையும் அவர்கள் ரௌத்திரத்தில் சேர்த்தார்கள். காப்பதில் என்ன கொடுமை என்று இளமையில் நான் எண்ணியதுண்டு. கடப்பாரை சாத்திய கதவை நினைக்கும்போது விடை கிடைக்கிறது. தந்தையார் எவரையும் துன்புறுத்த எண்ணவில்லை, காக்கவே எண்ணினார். காக்கும் எண்ணமே, தட்டுகிற கையைப் பகைவன் கையாக அவருக்குக் காட்டிற்று. கவலை தன்னளவில் நின்றால் அது துன்பம். அயலானை ஐயுறத் தொடங்கினால் அது இம்சை. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு தாழ்ப்பாளின் கனமே உள்ளது.

அதன்பின் தந்தையார் என்ன செய்தார் என்பதே நான் சொல்ல வந்தது. அவர் உலகைத் துறந்துவிடவில்லை. நாட்டு நடப்பைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நம் இல்லறத்தாருக்குரிய குணவிரதங்களில் திக்விரதம் ஒன்று உண்டன்றோ? கடல், ஆறு, காடு, மலை போன்ற யாவரும் அறிந்த அடையாளங்களை எல்லையாக வைத்து, இதற்கப்பால் என் செயல் இல்லை என்று வாழ்நாள் முழுவதற்கும் வரையறுத்துக்கொள்வது அது. அந்தப் பரப்பையும் நாள்தோறும் இன்னும் சுருக்கி, இன்று இந்தத் தெரு வரை, இந்த வயல் வரை என்று காலத்தோடு கட்டுவது தேசாவகாசிகம். அருங்கலச்செப்பு படித்தவர்கள் இவற்றை அறிவர். இவ்விரதங்கள் காலுக்கும் கைக்கும் எல்லை வகுத்தன. தந்தையார் அவற்றை மனத்துக்கும் வகுத்துக்கொண்டார். நாட்டுக்கு எல்லை வகுப்பவர்கள் எங்கேயோ இருந்தார்கள். தமக்குரிய எல்லையை வகுக்க அவர் எவரிடமும் மனுக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

காலையில் சாமாயிகம் முடித்தபின் படிப்பகத்தில் ஒருமுறை நாளிதழ் படிப்பார். அதன்பின் அன்றைக்கு அரசியல் செய்தி இல்லை. எவரேனும் வந்து, “கேள்விப்பட்டீர்களா?” என்று தொடங்கினால், “நீங்கள் பார்த்தீர்களா?” என்று திருப்பிக் கேட்பார். பார்த்ததாகச் சொன்னால் உட்கார்ந்து முழுவதும் கேட்பார். இல்லையென்றால் மோர் கொடுத்து அனுப்பிவிடுவார். இதனால் சிலருக்கு அவர்மேல் மனத்தாங்கல் உண்டாயிற்று. பயனின்றிச் செய்யும் கேட்டை அநர்த்த தண்டம் என்று கூறி, அதன் ஐந்து வகைகளில் தீயதை எண்ணுவதாகிய அபத்தியானத்தையும், மனத்தைக் கலக்கும் தீயவற்றைக் கேட்பதாகிய துச்சுருதியையும், கருவியைக் கொடுத்துக் கொலைக்குத் துணைபோகும் ஹிம்சாதானத்தையும் நூலோர் அடுக்கியிருக்கிறார்கள். தந்தையார் அந்த ஓர் இரவில் முதல் இரண்டையும் செய்து, மூன்றாவதற்குக் கடப்பாரை வரைக்கும் போய்விட்டதாகச் சொல்வார். கடப்பாரை மறுநாளே மண்டிக்குத் திரும்பிவிட்டது.

ஆனால் தம் எல்லைக்குள் வந்ததை அவர் விட்டதில்லை. திருத்தணியைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்னும் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். அறவழியில் நடந்த கூட்டங்களுக்குச் சென்றார். போராட்டத்தில் சிறை சென்றவர்களின் வீடுகளுக்கு மண்டியிலிருந்து அரிசி போயிற்று. அதன் விலை எவருடைய கணக்கில் எழுதப்பட்டது என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது. சிறை சென்றவர்களை அச்சம் உந்தியது என்று நான் ஒருநாளும் சொல்லேன். உரிமை கேட்பது வேறு, நடுங்குவது வேறு. சொல்லப்போனால், போராட்டத்தில் முன்னின்றவர்களைவிடத் திண்ணையில் உட்கார்ந்து செய்தி பரப்பியவர்களே அதிகம் நடுங்கினர் என்பது சிறுவனாகிய என் கண்ணுக்கே தெரிந்தது.

முடிவு மெதுவாக வந்தது. எச். வி. படாஸ்கர் அவர்கள் நடுவராக அமைந்து இருதரப்பையும் கேட்டு எல்லையைப் பரிந்துரைத்தார். 1959-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கிற்று. அப்போது மாநிலங்களவைத் தலைவராக இருந்தவர், திருத்தணியில் பிறந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அவர்கள். 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. ஊரெல்லாம் மகிழ்ச்சி, எங்கள் வீட்டிலும் பாயசம்.

ஆனால் மாற்றாகச் சத்தியவேடும் வேறு சில ஊர்களும் ஆந்திரத்துக்குச் சென்றன. அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அன்று பாயசம் இல்லை. பள்ளிப்பட்டுப் பக்கத்தில் தெலுங்கு பேசுவோர் நம் பக்கம் வந்தார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு தந்தை உறங்காமல், பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பார்கள் என்று எண்ணியிருப்பார் அல்லவா? எங்கள் கவலை தீரவில்லை. வீடு மாறிப் போயிற்று. எல்லைக் கோட்டை எங்கே போட்டாலும் அதன் இருபுறமும் யாரோ ஒருவர் நிற்கிறார். இந்த உண்மையைத் தந்தையார் பாயசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னதால் தாயாருக்குச் சற்று வருத்தம். பெத்தம்மாவோ எங்கள் வாயிலில் நின்று, “இப்போ நான் எந்த ஊர்ல இருக்கேன் நாயனா?” என்று என்னைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவருக்கும் ஒரு கிண்ணம் போயிற்று.

பின்னும் கலக்கக் காலங்கள் வந்தன. 1975 ஜூன் 25-ஆம் நாள் இரவு நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு 1977 மார்ச் வரை நீடித்தது. அப்போது இதழ்கள் தணிக்கை செய்யப்பட்டன, செய்தி குறைந்தது. அச்சமோ குறையவில்லை. செய்தி இல்லாத இடத்தை முணுமுணுப்பு நிரப்பிற்று. ஆகவே செய்தித்தாளை விட்டொழித்தால் மனம் அமைதியுறும் என்பாருடன் நான் உடன்படேன். உண்மைச் செய்தி அறிய வேண்டியதே. அது வேண்டுமென்று கேட்பதும் குடிமகனின் கடமையே.

1991 மே 21-ஆம் நாள் இரவு, தேர்தல் கூட்டத்திற்கு வந்த ராஜீவ் காந்தி அவர்கள் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்துக் கொல்லப்பட்டார். எங்கள் ஊருக்கு அது நெடுந்தொலைவு அன்று. மறுநாள் கடைகள் இல்லை, பேருந்துகள் இல்லை. நான் காலையிலிருந்து வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாடு என்ன ஆகுமோ, யார் எங்கே தாக்கப்படுவார்களோ என்று மனம் எங்கெங்கோ ஓடிற்று. தந்தையாருக்கு அப்போது எழுபத்தைந்து வயது. செய்தியை ஒருமுறை கேட்டார். கண்ணை மூடிச் சிறிது நேரம் இருந்தார். பிறகு என்னிடம், “நம் தெருவில் யார் இன்னும் வீடு வந்து சேரவில்லை?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தில்லியில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. எதிர்வீட்டுப் பெண் சென்னைக்குப் போனவள் திரும்பவில்லை என்பது தெரியவில்லை. தந்தையார் கைத்தடியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகக் கேட்டு வந்தார். மலையடிவாரத்தில் ஊர் திரும்ப வழியின்றிச் சிலர் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஆந்திரப் பக்கத்துக் குடும்பம் ஒன்று கைக்குழந்தையுடன் இருந்தது. அவர்களை அழைத்துவந்து, பொழுது சாயுமுன் எங்களோடு உணவருந்தச் செய்தார். அந்தப் பெண்மணி தயங்கி வாயிலில் நின்றபோது, தந்தையார் கதவின் இரண்டு பலகைகளையும் அகலத் திறந்து வைத்ததை நான் பார்த்தேன். அதன் பொருள் அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். தாயார் அப்போது இல்லை.

நம் நூல்கள் ஏழு அச்சங்களைச் சொல்கின்றன. அவற்றுள் காப்பவர் இல்லை என்னும் அச்சமும், எதிர்பாராதது திடீரென நேரும் என்னும் அச்சமும் நாடு கலங்கும்போது நம்மை மிகுதியும் பிடிக்கின்றன. நற்காட்சியுடையவனுக்கு இவை இல்லை என்று ஆசாரியர்கள் கூறுவது மெய்யே. அந்நிலை எனக்கு வாய்க்கவில்லை. வாய்த்ததாக நடிக்கவும் விரும்பவில்லை. என் தந்தையாருக்கும் அச்சம் முற்றும் நீங்கியதாக நான் எண்ணவில்லை. அஞ்சிக்கொண்டே கதவைத் திறக்க அவர் கற்றுக்கொண்டார். திருமண வீட்டு இளைஞருக்கு நான் அன்று சொல்லத் தவறியது இதுவே.

இப்போது வதந்தி இரயிலில் வருவதில்லை, சட்டைப்பையிலேயே இருக்கிறது. செல்பேசியில் வருவதை யார் பார்த்தார்கள் என்று கேட்க முடியாது. மோர் கொடுத்து அனுப்பவும் முடியாது. ஆகவே சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு சிறிய எல்லையை வகுத்துக்கொண்டேன். இராவுணவை விட்டிருப்பதுபோலப் பொழுது சாய்ந்தபின் இராச்செய்தியையும் விட்டுவிடுவது என்பது அது. என் பேத்திக்கு இதில் நம்பிக்கை இல்லை. “தேர்தல் முடிவு வரும் நாளில் பார்க்கலாம் தாத்தா” என்றாள். 2024 ஜூன் 4-ஆம் நாள் வாக்கு எண்ணிக்கையின்போது இரவு ஒன்பது மணிவரை அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். அவ்வளவில் என் விரதத்திற்கு அதிசாரம் நேர்ந்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.